அருளப்பு சேரும் அவருடைய கப்டனும்

லண்டனில் அருளப்பு சேருக்கு நாங்கள் வைத்த மதிய விருந்தில் பேசியவர்கள் எல்லோரும் தங்கள் காயங்களைப் பற்றியே பேசினார்கள். ஒருவன் தோள்மூட்டு விலகிய பிறகும் இரண்டாம் பாதி முழுவதும் ஆடிய கதையைச் சொன்னான். இன்னொருவன் நெற்றியில் தையல் போட்ட அன்றே பந்தைத் தலையால் முட்டியதைச் சொன்னான். நான் கோல்கீப்பர். வளைந்தபடியே பொருந்திப்போன என் சுண்டுவிரலை உயர்த்திக் காட்டினேன். ஒவ்வொரு கதைக்கும் சிரிப்பு, கைதட்டல். யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரி உதைபந்தாட்ட அணியைக் கால் நூற்றாண்டு பயிற்றுவித்து, போகிற இடமெல்லாம் கிண்ணத்தோடு திரும்ப வைத்த மனிதர், யாரோ கொடுத்த கோட்டுக்குள் சுருங்கி உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் யாரையும் அடித்ததில்லை, திட்டியதும் குறைவு. "நோ எண்டது மனதிலைதான்ரா இருக்கு" என்று வலியைப் பற்றிச் சொல்வார், அவ்வளவுதான். ஆனால் மைதானத்தில் எவனாவது விழுந்து கிடந்தால் சேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவன் எழும்பி ஓடத் தொடங்கும் வரைக்கும் அவன் இருக்கிற பக்கமே பார்க்கமாட்டார். பிரம்படியை விட அது கொடுமையானது. அந்தப் பார்வை திரும்ப வரவேண்டும் என்பதற்காகவே நாங்கள் உடைந்த விரலோடும் வீங்கிய காலோடும் எழும்பி ஓடினோம்.

பேச்சுகள் முடிந்ததும் சேர் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"மரியதாஸ் எங்கை?"

மரியதாஸ் எங்கள் கப்டன். சென்டர் ஹாஃப். கடற்கரைப் பக்கத்துப் பெடியன். அறுபதுகளின் கடைசியில் அவன் ஆடிய ஆட்டத்தை இன்றைக்கும் பேசுகிற ஆட்கள் உண்டு. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு ஊரில் இருக்க முடியாமல் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். பீலெஃபெல்ட் என்ற ஊரில் ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறையில் வேலை.

"காலிலை ஏதோ சின்னக் காயமாம் சேர். ஆஸ்பத்திரியிலை இருக்கிறானாம்" என்றான் ஒருவன்.

சேர் என் பக்கம் திரும்பினார். "பாலா, ஜேர்மனி இஞ்சையிருந்து எவ்வளவு தூரம்?"

எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை, தபால் நிலைய வேலையில் விடுப்பும் மிச்சம் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையே இருவரும் புறப்பட்டோம்.

கப்பலில் சேர் ஒன்றும் சாப்பிடவில்லை. ரயில் ஏறிய பிறகு, நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா கட்டித் தந்த பாண் ரொட்டியைப் பிரித்தேன். உள்ளே பன்றி இறைச்சி. வெள்ளிக்கிழமையில் சேர் இறைச்சி தொடமாட்டார். போப்பாண்டவரே விட்டாலும் அவர் விடமாட்டார். வெறும் பாணை மட்டும் பிய்த்துத் தின்றபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வயல், புகைபோக்கி, மறுபடி வயல். எல்லாவற்றின் மேலும் அழுக்கான பனி. எதிரில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஓர் அம்மா, அவருக்கு அவித்த முட்டை ஒன்றை நீட்டினார். சேர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். அந்த அம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று.

எங்கள் பயணச்சீட்டைப் பார்த்துப் பதறியதும் அந்த அம்மாதான். ஹாம் என்ற சந்தியில் ரயில் இரண்டாகப் பிரியுமாம். முன்பெட்டிகள் பீலெஃபெல்டுக்கு, பின்பெட்டிகள் வேறு திசைக்கு. நாங்கள் இருந்தது பின்பெட்டி. அவர் சொல்லி எங்களுக்கு விளங்குவதற்குள் சந்தி தாண்டிவிட்டது.

மூன்ஸ்டர் வரை போய்த் திரும்ப வேண்டியதாயிற்று. ஹாம் நிலையத்தின் சாப்பாட்டுக் கடையில் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தபோது கடலைப் பருப்புக் கூழ் போல ஒரு பச்சைப் பட்டாணி சூப் வந்தது. நடுவில் ஒரு சொசேஜ் மிதந்தது. சேர் அதைக் கரண்டியால் தூக்கி என் கோப்பைக்குள் போட்டார். பரிமாறியவன் ஓடிவந்து, அதில் ஏதும் பழுதா என்று கேட்டான். வெள்ளிக்கிழமை என்று விளக்கிச் சொன்னேன். தன் பாட்டியும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினான்.

"எங்கடை யாழ்தேவி ரயில் எவ்வளவு சுணங்கினாலும் முழுசாய்த்தான் வந்து சேரும்" என்றார் சேர். அந்தப் பயணத்தில் அவர் சொன்ன கடைசிப் பகிடி அது.

பீலெஃபெல்ட் நிலையத்தில் ரஞ்சன் என்ற பெடியன் மத்தியானத்திலிருந்து எங்களுக்காகக் காத்து நின்றிருந்தான். எங்கள் கல்லூரியில் எங்களுக்குப் பல வருஷம் பிறகு படித்தவன். சேரிடம் ஆடிய கடைசி அணியில் அவன் இருந்தான். மரியதாசோடு ஒரே அறையில் தங்கியிருப்பவனும் அவன்தான். சேரைக் கண்டதும் குனிந்து அவர் பையைப் பிடுங்கிக்கொண்டான். பிறகு அதன் பிடியைத் திருகத் தொடங்கினான்.

"என்ன? சொல்லு."

"சேர்... அண்ணைக்கு முழங்காலுக்குக் கீழை எடுத்திட்டாங்கள்."

ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். சேரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எந்தக் கால்?"

"வலது, சேர்."

"இடது காலாலையும் நல்லா அடிப்பான்" என்றார் சேர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிலையத்தின் தூணில் சாய்ந்தார்.

அகதி விண்ணப்பம் போட்டவர்களை வைத்திருக்கும் விடுதியை அவர்கள் ஹைம் என்கிறார்கள். ஊருக்கு வெளியே, ஒரு பழைய படைமுகாம் மாதிரியான கட்டடம். நீண்ட நடை, இரண்டு பக்கமும் அறைகள், கோடியில் ஒரு பொதுச் சமையலறை. அங்கே கானாக்காரர் ஒருவர் மீன் பொரித்துக்கொண்டிருந்தார், பாகிஸ்தான்காரர் இருவர் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெடியள் சேருக்காகச் சோறும் டின்மீன் குழம்பும் வைத்திருந்தார்கள். தேங்காய்க்குப் பதில் பசுப்பால் விட்ட குழம்பு. மிளகாய்த்தூள் மட்டும் ஊரிலிருந்து வந்தது.

சாப்பிடும்போது ரஞ்சன் நடந்ததைச் சொன்னான். வார்ப்பு ஒன்று சரிந்து மரியதாசின் பாதத்தில் விழுந்தது. சப்பாத்துக்குள் இரத்தம் நிறைந்தது. அன்றைக்கு வேலை முடியும் வரை நின்றான். அறைக்கு வந்து மஞ்சள்தூள் வைத்துக் கட்டினான். அடுத்த நாளும் போனான், அதற்கடுத்த நாளும் போனான். கால் கறுத்து, காய்ச்சலில் பட்டறை வாசலில் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

"நீங்கள் ஒருத்தரும் டொக்டரிட்டைக் கொண்டு போகேல்லையோ?" என்று கேட்டேன்.

"எத்தினை தரம் கேட்டனாங்கள் அண்ணை! வரமாட்டன் எண்டார். 'நான் அருளப்பு சேரின்ரை பெடியன்ரா, இதுக்கெல்லாம் படுக்கிறதோ' எண்டு சிரிச்சார்."

சேர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். சேரை டிராமில் வாசலோரத்து இருக்கையில் உட்காரவைக்கப் போனபோது ரஞ்சன் தடுத்தான். அது போரில் ஊனமானவர்களுக்கு ஒதுக்கியது என்று சன்னலில் ஒட்டியிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒருவர், மடக்காமல் ஒரு காலை நீட்டியபடி அதில் உட்கார்ந்தார். பிறகு பார்த்தால் தெருவில், கடையில், சந்தியில், அந்த வயதுக்காரர் பலர் அப்படித்தான் நடக்கிறார்கள். சேர் ஒவ்வொருவரையும் தலை திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மரியதாஸ் சன்னலோரக் கட்டிலில் இருந்தான். நான் மனதில் வைத்திருந்த மரியதாசில் பாதிதான் அங்கே இருந்தது. கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, கண் மட்டும் பெரிதாக. போர்வை வலது பக்கத்தில் பாதியிலேயே தட்டையாகிப் போயிருந்தது. சேரைக் கண்டதும் இரண்டு கையையும் ஊன்றி எழும்பி உட்காரப் பார்த்தான்.

"படு, படு."

"இல்லை சேர். நீங்கள் நிக்க நான் படுக்கேலாது."

பிறகு அவன் பகிடியாகவே கதைத்தான். இனி ஒருத்தனும் தன் வலது காலில் மிதிக்க முடியாது என்றான். நடுவரும் இனி ஒரு காலைத்தான் பார்க்க வேண்டும் என்றான். ரஞ்சனும் நானும் சிரித்தோம், சிரிக்க வேண்டியிருந்தது. சேர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தபடி இருந்தார். கடைசியில் மரியதாஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"சேர், நான் கத்தேல்லை. இரும்பு விழேக்கையும் கத்தேல்லை, இஞ்சை கொண்டுவந்த பிறகும் கத்தேல்லை. கேட்டுப் பாருங்கோ."

ஒரு பரிசைக் கொடுப்பது போல அவன் அதைச் சொன்னான்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு ஜேர்மன் கிழவர். ரஷ்யாவில் போரின்போது காலை இழந்தவர். மரக்கால் உரசிப் புண்ணாகி மறுபடி வந்து படுத்திருந்தார். தாதி வந்து அவருடைய கட்டைப் பிரித்தபோது அவர் வாய்விட்டு அலறினார். சாபம் போட்டார், கடவுளைக் கூப்பிட்டார். தாதி அதைப் பெரிதாக எடுக்காமல் தன் வேலையைச் செய்துவிட்டுப் போனாள். பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னார். ரஞ்சன் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான்:

"இந்த இளைஞன் தாதியைக் கூப்பிடுகிற மணியை அடிப்பதே இல்லை. பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்கு இங்கே கேட்கும். நான்தான் இவனுக்காக என் மணியை அடிப்பேன். தாதி வந்ததும் இவன் அவளைப் பார்த்துச் சிரிக்கிறான். அவள் என்னைத் திட்டிவிட்டுப் போகிறாள்."

வெளியே வந்ததும் சேர் என் கையைப் பிடித்தார்.

"பாலா, அவனுக்கு நோகுது. வெட்டின இடத்துக்கு மேலையும் நோகுது."

"சிரிச்சுக் கதைக்கிறான் தானே சேர்."

"அவன் பகிடி விட்டால் நோ கூட எண்டு அர்த்தம். எனக்குத் தெரியாதே?"

அவர் சொல்லச் சொல்ல, நான் கடமையிலிருந்த இளம் டொக்டரைத் தேடிப் பிடித்து ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் வந்தார். மரியதாசின் தொடையை அங்கங்கே அழுத்தினார். "வலிக்கிறதா?" என்றார்.

"நோ" என்றான் மரியதாஸ் ஆங்கிலத்தில்.

இன்னும் மேலே அழுத்தினார். மரியதாசின் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. நான் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்று எத்தனையோ முறை பார்த்த முகம்தான் அது.

"நோ."

டொக்டர் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. "நோயாளியே வலியில்லை என்கிறார்" என்று தோளைக் குலுக்கினார். திங்கட்கிழமை கட்டுப் பிரிக்கும்போது பார்ப்பார்களாம். சேர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரிடம் ஜேர்மன் இல்லை. இருந்த ஆங்கிலமும் அப்போது வரவில்லை.

ஞாயிறு காலை சேர் பூசைக்குப் போகவேண்டும் என்றார். கல்லால் கட்டிய பெரிய கோவில். வாயைத் திறந்தால் புகை வந்தது. ஒரு சொல்லும் விளங்காத பிரசங்கத்தைச் சேர் கடைசி வாங்கில் முழங்காலில் நின்றே கேட்டார். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அவர் உட்காரவில்லை.

திரும்பி வந்தபோது ஹைமுக்குப் பின்னாலிருந்த வெளியில் பெடியள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களும் கானாக்காரரும் ஒரு பக்கம், பாகிஸ்தான்காரரும் துருக்கியரும் மற்றப் பக்கம். நிலம் உறைந்து சீமெந்து மாதிரிக் கிடந்தது. சேர் பார்க்கிறார் என்றதும் எங்கள் பெடியளுக்கு வெறி பிடித்துவிட்டது. ஒருவன் வழுக்கி விழுந்தான், முழங்கால் தோல் கிழிந்து காற்சட்டை நனைந்தது. விழுந்த வேகத்திலேயே துள்ளி எழும்பினான். எழும்பியதும் பந்தைப் பார்க்கவில்லை, சேரைப் பார்த்துச் சிரித்தான்.

இருபது வயதுகூட இராத பெடியன். சேர் கல்லூரியை விட்ட பிறகு அங்கே படித்தவன், சேரிடம் ஒரு நாளும் ஆடாதவன்.

"இவனுக்கு ஆர் பழக்கினது?" என்றார் சேர்.

"உங்கடை முறைதான் சேர் இப்பவும் அங்கை" என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் சொன்னேன். சேர் விறுவிறென்று உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் ரஞ்சன் அவருக்குச் சோறு கொண்டுவந்தான். சேர் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அவனைத் தனக்கு எதிரே உட்காரச் சொன்னார்.

"அவனுக்குக் காய்ச்சல் ஏன் இல்லை?"

ரஞ்சன் நிலத்தைப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கிறன்."

"அம்மாவாணை, சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனான் சேர்" என்று சொல்லிவிட்டு ரஞ்சன் அழத் தொடங்கினான். அழுகையோடு எல்லாம் வந்தது. செவ்வாய்க்கிழமை மரியதாசுக்கு அலுவலகத்தில் டெர்மின், அதாவது நேரம் குறித்து நேரில் கூப்பிட்டிருந்தார்கள். அவனுடைய அகதி அன்ட்ராக், அந்த விண்ணப்பம், அன்றைக்குத்தான் விசாரணைக்கு வருகிறது. அன்று போகாவிட்டால் எல்லாம் போய்விடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மரியதாஸ் நம்பினான். காய்ச்சல் காட்டினால் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே விடமாட்டார்கள். ஆகவே கடையில் ஆஸ்பிரின் வாங்கி வரச் சொல்லி, தாதி காய்ச்சல் பார்க்க வரும் நேரத்துக்கு முன்னால் கைநிறைய விழுங்கிக்கொண்டிருந்தான்.

சேர் எழுந்துவிட்டார். "வெளிக்கிடு, பாலா."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்துக்குப் பஸ் வருவது அருமை. நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சேர் நடக்கத் தொடங்கினார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. இரவல் ஓவர்கோட் அவருடைய கணுக்கால் வரை தொங்கியது. அதைத் தூக்கிப் பிடித்தபடி, தெரியாத ஊரில், தெரியாத திசையில், எங்களுக்கு முன்னால் அந்த வயதில் ஓட்டமும் நடையுமாகப் போனார். ரஞ்சன் பின்னாலிருந்து, "சேர், இடது பக்கம், இடது பக்கம்" என்று கத்திக்கொண்டே ஓடினான். காய்கறி வண்டியோடு வந்த துருக்கிக்காரர் ஒருவர் நிறுத்தி எங்களை ஏற்றிக்கொண்டார். எங்கே, ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை. முட்டைக்கோவாப் பெட்டிகளுக்கு நடுவில் சேர் கண்ணை மூடிச் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்.

இந்த முறை மூத்த டொக்டர் ஒருவர் இருந்தார். ஆஸ்பிரின் என்ற சொல்லைக் கேட்டதுமே அவருடைய முகம் மாறிவிட்டது. கேள்வி ஒன்றும் கேட்காமல் நேரே வந்து கட்டைப் பிரித்தார். அந்த மணம் அறையை நிறைத்தது. கிழவர் முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டார். நான் சன்னல் பக்கம் திரும்பினேன். சேர் மட்டும் திரும்பவில்லை. தையல் பிரிந்து, சிவப்பு தொடை வரை ஏறியிருந்த அந்த இடத்தைக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் மறைத்தான்?" என்று டொக்டர் என்னைக் கேட்டார். செவ்வாய்க்கிழமை விஷயத்தைச் சொன்னேன்.

அவர் தாதியைப் பார்த்தார். தாதி அவரைப் பார்த்தாள். "நாங்கள் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால் அந்த நாளை மாற்றிவிடுவார்களே. எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறோம். ஒரு சொல் கேட்டிருக்கலாமே" என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று அப்போதே நினைத்தேன். மரியதாஸ் என்னைப் பார்த்தான், ரஞ்சனைப் பார்த்தான். ரஞ்சன் சுவரோடு ஒட்டி நின்றான்.

"ஆர் சொன்னது?" என்றான் மரியதாஸ்.

"நான்தான்" என்றார் சேர்.

"நீங்களோ, சேர்?"

"ஓம். நான்தான்."

மரியதாஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போதும் அவன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

முழங்காலுக்கு மேலே, தொடையின் நடுவில் வெட்டினார்கள். திங்கள் முழுவதும் உயிர் தங்குமா இல்லையா என்று சொல்ல முடியாது என்றார்கள். நாங்கள் நடையில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் ஒரு தாதி, மீந்துபோன சாப்பாடு என்று அவித்த உருளைக்கிழங்கும் ஏதோ ஒரு சிவப்புக் கோவாவும் தட்டில் வைத்துத் தந்தாள். சேர் உருளைக்கிழங்கை மட்டும் கையால் உடைத்து மெதுவாகச் சாப்பிட்டார். இடையில் ஒரு தடவை, தனக்குள் சொல்வது போல, ஒரு பெயரைச் சொன்னார். பிறகு இன்னொரு பெயர். எல்லாம் அவருடைய பழைய ஆட்டக்காரர்களின் பெயர்கள். எதற்காகச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. சில பெயர்களை இரண்டு தரம் சொன்னார்.

மரியதாஸ் பிழைத்தான். டெர்மினும் தள்ளிப் போடப்பட்டது. அந்தத் துண்டுச் சீட்டை ரஞ்சனே கொண்டுபோய்க் கொடுத்தான். பின்னால் மரியதாஸ் மரக்கால் பழகி, வேறொரு பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலையில் சேர்ந்தான். அடுத்த குளிர்காலத்தில் பெடியளுக்குப் பந்தடி பழக்குகிறான் என்று ரஞ்சன் எழுதியபோது, எப்படிப் பழக்குகிறான் என்று திருப்பி எழுதிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. சேர் ஊருக்குப் போன பிறகு கல்லூரி மைதானத்தின் பக்கமே போகவில்லை. அவர் பெயரில் ஒரு சுற்றுப்போட்டி தொடங்கியபோது, கிண்ணத்தைக் கொடுக்கக்கூட வர மறுத்தாராம். தன்னடக்கம் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. புதன்கிழமை நாங்கள் ஜேர்மனியை விட்டுப் புறப்பட வேண்டும். விடைபெறப் போனோம்.

மரியதாஸ் கண் விழித்திருந்தான். போர்வையின் கீழ் அந்தப் பக்கத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. சேர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மோனை, நோகுதோ?"

மரியதாஸ் கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

"எனக்குச் சொல்லு."

"இல்லை, சேர்."

சேர் குனிந்து, கட்டிலோடு தொங்கிக்கொண்டிருந்த மணிப் பொத்தானை எடுத்து அவன் கைக்குள் வைத்தார். மரியதாசின் விரல்கள் அதைச் சுற்றி மூடவில்லை. அது போர்வையில் விழுந்தது.

"நான் உங்களுக்குப் பழக்கினது பிழையடா" என்றார் சேர். "பிழையாப் பழக்கிப்போட்டன். கேக்குதோ? பிழை."

மரியதாஸ் அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லாத முகம். ஒரு விஷயம் விளங்காமல் உண்மையாகவே கேட்கிற ஆளின் முகம்.

"அது பிழையெண்டால், நான் ஆர் சேர்?"

சேர் அவன் நெற்றியில் சிலுவை போட்டார், எழுந்தார். அவருக்கு முன்னால் நான் கதவைத் திறந்துவிட்டேன். கிழவர் எங்களுக்குக் கையசைத்தார்.

நடையின் பாதியைக் கூடத் தாண்டியிருக்க மாட்டோம். அந்தச் சத்தம் வந்தது. முதலில் கிழவர் என்று நினைத்தேன். கிழவரின் அலறல் எனக்குப் பழகிவிட்டிருந்தது, இது அது இல்லை. இது அடிவயிற்றிலிருந்து கிளம்பி, இடையில் உடைந்து, மறுபடி எழும்பிய சத்தம். அதற்குள் சொல் ஒன்றும் இல்லை. பிறகு சொல் வந்தது. "அம்மா" என்று தமிழில் வந்தது.

நான் திரும்பி ஓடப் பார்த்தேன். சேர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடு. கத்தட்டும்."

"தனிய இருக்கிறான் சேர்."

"நாங்கள் போய் நிண்டால் நிப்பாட்டிப் போடுவான்."

ஒரு தாதி எங்களைக் கடந்து அந்த அறைக்கு ஓடினாள். இன்னொருத்தி ஊசித் தட்டோடு பின்னால் போனாள். கதவு திறந்தபோது சத்தம் பெரிதாகி, மூடியபோது குறைந்து, நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அருளப்பு சேர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே, நடையின் நடுவில் நின்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை.